அரை ஆப்பிள்

டயட்டீஷியன் கொடுத்த தாளில்
மாம்பழத்தின் மேல் கோடு. வாழைக்கும் கோடு.
சாத்துக்குடி, இளநீர், சப்போட்டா, எல்லாம் கோடு.
கடைசி வரியில் ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது:
ஆப்பிள், நாளைக்குப் பாதி, தோல் சீவியது.

நாற்பத்தாறு வயது வரை
ஆப்பிளை நான் பழத்தில் சேர்த்ததில்லை.
ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்
வெறுங்கையாய்ப் போகாமலிருக்க வாங்குவது.
அரைக் கிலோ அனுதாபம்.

இப்போது ஐஸ் ஹவுஸில் வண்டி போட்டிருக்கும் ஜபருல்லா
தூரத்தில் என்னைக் கண்டதுமே குரல் கொடுக்கிறார்:
"சிம்லா எறங்கியிருக்கு சார்!"
காம்பைப் பார்க்கிறேன். சுண்டிப் பார்க்கிறேன்.
தொம் என்றால் வண்டிக்கே திரும்பும்.
டிக் என்றால் பைக்குள்.
பைண்டிங் கடைக்காரன் நான்,
கட்டர் இறங்கும் சத்தம் காதுக்கு அத்துப்படி.
நல்ல பழம் அப்படித்தான் பிளக்கும்.

ஆடிக் கடைசியில் வரும் சிம்லாவுக்கு அழகு போதாது.
கன்னத்தில் ஆலங்கட்டி விழுந்த தழும்பு.
ஆனால் கடித்தால்
பல்லுக்கும் அதற்கும் ஒரு சின்னச் சண்டை நடந்து
தோற்ற பிறகுதான் சாறு விடும்.
காஷ்மீர் ஐப்பசியில். வெளியே அடைமழை,
வீடு முழுக்க அதன் வாசனை.
வாஷிங்டன், மெழுகு பூசிய மாப்பிள்ளை.
ஸ்டிக்கரை உரித்த இடத்தில்
சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
ஃப்யூஜி இனிப்பு. இனிப்பு மட்டும்.
வாய்ச்சண்டையே போடாத தம்பதி வீட்டில்
விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி.

என் ஆள் பச்சை ஆப்பிள்.
எந்நேரமும் வாயில் கிடக்கிறதே
பித்தளைச் சாவியைச் சப்பியது போல ஒரு ருசி,
அதை அது ஒன்றுதான் தேய்த்து எடுக்கிறது.
புளி போட்டுத் துலக்கிய சொம்பாக
நாக்கு கொஞ்ச நேரம் பளிச்சென்றிருக்கும்.

எனக்கு அளந்த தண்ணீர் நாளைக்கு எழுநூறு மில்லி.
சித்திரை மத்தியானத்தில் தமயந்தி
ஃபிரிட்ஜிலிருந்து நாலு துண்டு எடுத்து வைப்பாள்.
தண்ணீரைக் கடித்துத் தின்ன
எனக்குத் தெரிந்த ஒரே வழி.
தெருவெல்லாம் பங்கனபள்ளி மணக்கும்.
ஜன்னலைச் சாத்துவதில்லை.
மோப்பத்துக்குப் பொட்டாசியம் கிடையாது.

திங்கள், புதன், வெள்ளி
பக்கத்து நாற்காலியில் லாசர்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
அவருக்கு மாவு ஆப்பிள்தான் வேண்டும்.
வண்டியில் கிடந்து சோர்ந்து
விரல் வைத்தால் குழிகிற பழம்.
பாதியாய் வெட்டி, ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டி
நாலு மணி நேரத்துக்கும் வைத்துத் தின்பார்.
"இது ஆப்பிளாய்யா, நேத்து செஞ்ச உப்புமா" என்பேன்.
"நாள் பூரா ஐஸ் ஒடைக்கிறேன்.
வாயிலயும் ஒடைக்கணுமா?"
மிஷின் சுற்றும்.
எங்கள் ரத்தம் வெளியே போய் ஒரு நடை நடந்து வரும்.
சண்டை அங்கேயே நிற்கும்.
பிரசில்லா சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்துவிட்டு
"ஆப்பிள் பேச்சை நிறுத்துங்க, ஏறுது" என்பார்.

மாசியில் லாசருக்கு அவர் தங்கை கிட்னி கொடுத்தாள்.
வைகாசியில் ஒரு போன்.
முதலில் உறிஞ்சும் சத்தம் மட்டும்.
"கொட்டைய சப்பிக்கினு இருக்கேன்யா.
இனிமே ஆப்பிள் விக்கிற தெருவுல
கால வெக்க மாட்டேன்."
சிரித்தேன்.
அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம்
போன் காதிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜபருல்லா
சாக்குக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.
"லாசருக்குன்னு ஒதுக்குனது. நாலு கெடக்கு.
என்னா பண்றது?"
ஒன்றை எடுத்துக்கொண்டேன். காசு வாங்கவில்லை.

ஊசி ஏறாத கையால் ஸ்பூனைப் பிடித்து
சுரண்டினேன்.
சத்தமே இல்லை. பல்லுக்கு வேலையில்லை.
பக்கத்து நாற்காலியில் புதுப் பையன்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.
நாக்கில் சற்று உட்கார்ந்துவிட்டு
சொல்லாமல் கரைந்து போனது.

நன்றாகத்தான் இருந்தது.
லாசரிடம் சொல்வதாக இல்லை.